கடைசி லாகின் எப்போது? ஒரு டைரக்டரி சர்வர் நிகழ்வு ஆய்வு

ஆடிட் அறிக்கையில் அது ஒரே ஒரு வரி: "90 நாட்களாகப் பயன்படுத்தப்படாத கணக்குகளின் பட்டியலைத் தரவும்." கேட்டவருக்கும் சரி, பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் சரி, அரை நாள் வேலை போலத்தான் தெரிந்தது. அந்த ஒரு வரியால் ஒரு திங்கட்கிழமை காலை, எல்லோருடைய கணக்கும் பாஸ்வேர்டும் இருக்கும் டைரக்டரி மொத்தமும் திணறியது. பிறகு, தினமும் வேலை பார்த்துக்கொண்டிருந்த சிலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. ஒப்பந்தம் முடிந்து போய்விட்ட ஒருவரின் கணக்கோ "நேற்றுகூடப் பயன்பாட்டில் இருந்தது" என்று நற்சான்று வாங்கியது. திங்கட்கிழமைத் திணறலைத்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். என் கணக்கில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய விஷயம்.

நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அமைப்பு இதுதான்: எல்டாப் என்ற டைரக்டரி நெறிமுறையில் இயங்கும் ஓபன்எல்டாப் 2.4, ஒரு முதன்மை சர்வர், அதன் நகல்களாக மூன்று ரெப்ளிகாக்கள், முன்னால் கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும் ஒரு லோட் பேலன்சர். மெயில், விபிஎன், உள் வலைச் செயலிகள், லினக்ஸ் சர்வர்கள், வைஃபை எல்லாமே இந்த டைரக்டரியைக் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடுகின்றன. மாற்றங்கள் முதன்மையில் மட்டும் எழுதப்படும். அங்கிருந்து ரெப்ளிகாக்களுக்குப் போகும். பாஸ்வேர்டு சரிபார்ப்பு மட்டும் நான்கில் எதில் வேண்டுமானாலும் நடக்கும்.

முதலில் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. ஒரு பதிவு எப்போது உருவானது, எப்போது மாறியது என்பதற்கு எல்டாப் தரத்திலேயே அட்ரிபியூட்டுகள், அதாவது பதிவுக்குள் இருக்கும் தனித்தனி விவரங்கள், உண்டு: கிரியேட்டைம்ஸ்டாம்ப், மாடிஃபைடைம்ஸ்டாம்ப். கடைசி லாகினுக்கு அப்படிப் பொதுவான ஒன்று கிடையாது. ஒவ்வொரு சர்வரும் தனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது. 389 டைரக்டரி சர்வரில் அக்கவுண்ட் பாலிசி பிளகின் மூலம் லாஸ்ட்லாகின்டைம். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் லாஸ்ட்லாகான், லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப் என்று இரண்டு. ஓபன்எல்டாப் 2.4-இல் சர்வரோடு சேர்ந்து வராத, கான்ட்ரிப் பகுதியில் இருக்கும் லாஸ்ட்பைண்ட் என்ற ஓவர்லேயை (சர்வருக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரலை) தனியாக ஏற்றினால் ஆத்டைம்ஸ்டாம்ப் கிடைக்கும். 2.5 முதல் இந்த வசதி சர்வருக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே அட்ரிபியூட்டின் பெயர் பிடபிள்யூடிலாஸ்ட்சக்ஸஸ். இரண்டிலும் நாமாக இயக்கினால்தான் உண்டு.

இயல்பாகவே ஏன் இயங்குவதில்லை என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஓவர்லேயை ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு சர்வர்களிலும் ஏற்றினார்கள். வார இறுதியில் ஒரு குறையும் தெரியவில்லை.

திங்கட்கிழமை

காலையில் எல்லோரும் மடிக்கணினியைத் திறக்கும் நேரத்தில் மெயில் லாகின் இழுக்க ஆரம்பித்தது. அடுத்து விபிஎன். சிபியூ, நினைவகம் இரண்டும் சாதாரணமாகவே இருந்தன. முதன்மை சர்வரில் டிஸ்க்கின் காத்திருப்பு நேரம் மட்டும் எகிறியிருந்தது. டைரக்டரி என்றாலே வாசிப்பு அதிகம், எழுத்து (எழுதிப் பதிவது) குறைவு என்று வைத்துத்தான் எல்லாமே கட்டப்பட்டிருக்கிறது. ஓபன்எல்டாப்பின் அடியில் இருக்கும் எல்எம்டிபி தரவுத்தளத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம். எழுதுபவர் எந்த நேரத்திலும் ஒருவர்தான். ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிய பிறகுதான் அடுத்தவருக்கு வழி கிடைக்கும். பைண்ட், அதாவது பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து டைரக்டரியில் நுழைவது, அதுவரை வெறும் வாசிப்பு. பதிவை எடு, பாஸ்வேர்டை ஒப்பிடு, பதில் சொல், அவ்வளவுதான். ஓவர்லே ஏறியதும் வெற்றிகரமான ஒவ்வொரு பைண்டும் ஒரு எழுத்தாக மாறிவிட்டது. ஆக, இணையாக நடந்துகொண்டிருந்த சரிபார்ப்புகள் எல்லாம் டிஸ்க்கின் முன்னால் ஒற்றை வரிசையில் நின்றன.

அதோடு போகவில்லை. முதன்மையில் நடந்த ஒவ்வொரு எழுத்தும் ரெப்ளிகாக்களுக்கும் போக வேண்டும். அங்கே இருந்த நகலெடுப்பு முறை சாதாரண சிங்க்ரெப்ல். மாறியதை மட்டும் அனுப்பும் டெல்டா வகை அல்ல. சாதாரண வகையில், ஒரு அட்ரிபியூட் மாறினாலும் முழுப் பதிவும் அனுப்பப்படும். ஊழியர்களின் புகைப்படமும் அந்தப் பதிவிலேயே ஜேபெக்ஃபோட்டோ அட்ரிபியூட்டாக இருந்தது. மாறியதோ வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி, கடைசியில் உலகப் பொது நேரமான யுடிசியைக் குறிக்கும் ஒரு எழுத்து என மொத்தம் 15 எழுத்துக்குறிகள். அதற்காக ஆளின் படம் மூன்று ரெப்ளிகாவுக்கும், ஒவ்வொரு லாகினுக்கும், திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், மாடிஃபைடைம்ஸ்டாம்பைப் பார்த்து "இன்று மாறியவர்களை மட்டும்" எடுத்துப் போகும் ஒரு உள் ஸ்கிரிப்ட், அன்று ஏறத்தாழ எல்லோரையும் எடுத்துப் போனது.

ஓவர்லேயை இறக்கியதும் நிலைமை சரியானது. ஆனால் ஆடிட் கேள்வி அப்படியே இருந்தது.

தீர்வு அந்த ஓவர்லேயின் கையேட்டிலேயே இருந்தது. லாஸ்ட்பைண்ட்-ப்ரிசிஷன் என்று ஒரு அமைப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள நேரம் இத்தனை வினாடிக்கு மேல் பழையதாக இருந்தால் மட்டும் புதிதாக எழுது என்று அதில் சொல்லலாம். அதைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு பைண்டுக்கும் எழுதும். நாங்கள் 86400 என்று வைத்தோம், அதாவது ஒரு நாள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை மெயில் பார்க்கும் கைபேசி ஒரு நாளில் 288 முறை பைண்ட் செய்யும். அந்த 288 எழுத்து ஒன்றாகக் குறைந்தது. 90 நாள் கணக்குக்கு வினாடித் துல்லியம் எதற்கு? என்னைக் கேட்டால் ஒரு வாரம் என்று வைத்திருந்தாலும் தப்பில்லை.

பெரிய டைரக்டரிகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. ஓபன்டிஜேயில் கடைசி லாகினின் வடிவத்தை நாள் வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதே நாளில் மறுபடி வந்தால் மதிப்பு மாறாது, எழுத வேண்டியதும் இல்லை. ஃப்ரீஐபிஏவில் கெர்பரோஸ் என்ற டிக்கெட் வகை லாகின் வழி வந்த கடைசி வெற்றியைப் பதிவதே இயல்பில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது; பதிந்தாலும் அந்த அட்ரிபியூட் மற்ற சர்வர்களுக்கு நகலாகாது. ஆக்டிவ் டைரக்டரியின் கதையைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், அங்கே ஒரு தனிக் குழப்பம் நடந்தது.

முதல் பட்டியல்

ப்ரிசிஷனோடு ஓவர்லே மறுபடி ஏறி, 90 நாட்களுக்கு மேல் ஓடிய பிறகு, முதன்மை சர்வரிலிருந்து முதல் பட்டியல் எடுக்கப்பட்டது. நம்ப முடியாத அளவுக்கு நீளம். காரணம் சீக்கிரமே பிடிபட்டது. லோட் பேலன்சர் யாரை எந்த சர்வருக்கு அனுப்புகிறதோ அங்கேதான் பைண்ட் நடக்கும். ரெப்ளிகாவில் நடந்த பைண்டின் நேரம் அந்த ரெப்ளிகாவிலேயே தங்கிவிடும். நகலெடுப்பு முதன்மையிலிருந்து கீழ்நோக்கி மட்டும்தான்; மேல்நோக்கிப் போக அதற்கு வழியில்லை. எப்போதும் மூன்றாவது ரெப்ளிகாவையே கேட்கும் ஒரு செயலியின் பயனர்கள் முதன்மையின் கண்ணுக்குப் படவே இல்லை.

இதற்கும் ஓவர்லேயில் ஒரு வழி உண்டு: ரெப்ளிகா தானே எழுதிக்கொள்ளாமல் முதன்மைக்கு அனுப்பச் சொல்லலாம். அதற்கு அப்டேட்ரெஃப் (முதன்மை எது என்று சொல்வது), செயின் ஓவர்லே (கோரிக்கையை அங்கே கொண்டுபோவது) இரண்டும் சரியாக அமைந்திருக்க வேண்டும். சிலர் இதைத்தான் பரிந்துரைப்பார்கள். அந்தத் திங்கட்கிழமையைப் பார்த்த பிறகு, ரெப்ளிகாவில் நடக்கும் சரிபார்ப்பை முதன்மையில் நடக்கும் எழுத்தோடு முடிச்சுப் போட எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் இரவில் ஒரு ஸ்கிரிப்ட் நான்கு சர்வர்களையும் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொரு கணக்குக்கும் இருப்பதில் மிகப் புதிய நேரத்தை டைரக்டரிக்கு வெளியே ஒரு அட்டவணையில் வைக்கும். அந்த அட்டவணையில் நேரம் முன்னோக்கி மட்டுமே நகரும். ஒரு ரெப்ளிகாவை அழித்துப் புதிதாகக் கட்டினால் அதற்குள் மட்டும் இருந்த நேரங்கள் காணாமல் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஸ்கிரிப்ட் லோட் பேலன்சர் பெயரைக் கேட்கக் கூடாது, ஒவ்வொரு சர்வரையும் அதன் சொந்தப் பெயரில் கேட்க வேண்டும். இன்னொன்று, ஆத்டைம்ஸ்டாம்ப் ஒரு ஆபரேஷனல் அட்ரிபியூட், அதாவது சர்வர் தன் உபயோகத்துக்கு வைத்திருப்பது. தேடலில் பெயர் சொல்லியோ கூட்டல் குறி போட்டோ கேட்காவிட்டால் வராது. "அட்ரிபியூட்டே இல்லை" என்று புலம்பியவர்களில் பாதிப் பேர் கேட்காமல் தேடியவர்கள்தான்.

தேடலின் நிபந்தனையான ஃபில்டரில் ஒரு பொறி இருந்தது. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பட்டியல் எடுக்க இரண்டு மாதிரி எழுதலாம். ஒன்று: நேரம் இந்தத் தேதிக்குச் சமமாகவோ முன்னதாகவோ உள்ளவர்கள். மற்றொன்று: நேரம் இந்தத் தேதிக்குப் பின்னால் உள்ளவர்கள், அதன் மேல் ஒரு 'இல்லை' குறி. கணிதத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். எல்டாப்பில் இல்லை. பதிவில் அந்த அட்ரிபியூட்டே இல்லாவிட்டால் ஒப்பீடு பொய் என்றாகும். முதல் மாதிரியில் அப்படிப்பட்ட கணக்கு பட்டியலிலிருந்து விழுந்துவிடும். இரண்டாவதில் பொய்யின் மேல் 'இல்லை' வந்து அது உண்மையாகிவிடும், கணக்கு பட்டியலில் ஏறிவிடும். முதல் மாதிரியை எழுதினால் ஒருநாளும் லாகின் ஆகாத அனாதைக் கணக்குகள் தப்பிக்கும். அவைதானே முதலில் பிடிபட வேண்டியவை? இரண்டாவதை எழுதினால் நேற்றுச் சேர்ந்து இன்னும் மடிக்கணினிகூடக் கைக்கு வராதவரும் "90 நாள் பயன்படுத்தாதவர்" ஆகிவிடுவார். முதல் பட்டியலில் இரண்டாவதுதான் நடந்திருந்தது. இப்போது ஸ்கிரிப்ட் இரண்டு வகையையும் பிரித்தே கேட்கிறது. நேரம் உள்ளவர்களுக்கு நேரத்தைப் பார்க்கிறது. இல்லாதவர்களுக்குக் கணக்கு உருவான தேதி, ஓவர்லே ஓட ஆரம்பித்த தேதி இரண்டில் எது பின்னதோ அதை எடுத்துக்கொள்கிறது. 389 சர்வரின் பிளகினில் லாஸ்ட்லாகின்டைம் இல்லாதபோது கிரியேட்டைம்ஸ்டாம்பை மாற்றாகப் பார்க்க ஒரு அமைப்பு உண்டு. அங்கே யாரோ இந்த வலியை முன்பே பட்டிருக்கிறார்கள்.

வேலை பார்ப்பவர்கள் முடங்கியது

எல்லாம் திருத்தி, பட்டியல் நம்பும்படி வந்த பிறகு முதல் தொகுதி முடக்கப்பட்டது. அன்று மதியமே உதவி மையத்துக்கு அழைப்புகள். முடங்கியவர்களில் சிலர் காலையில்கூட வேலை பார்த்தவர்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, ஆத்டைம்ஸ்டாம்பும் பொய் சொல்லவில்லை. வாசலில் உள்ள பதிவேடு வாசல் வழியாக வந்தவரைத்தான் எழுதும். பின்கட்டு வழியாக வந்தவரை அதில் தேடிப் பயனில்லை.

பின்கட்டுகள் எத்தனை என்று எண்ணும் வேலை அப்போதுதான் தொடங்கியது. லினக்ஸ் சர்வர்களில் பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் சாவியோடு நுழைபவர்கள் முதல் கூட்டம். அவர்களுடைய பொதுச் சாவி டைரக்டரியில்தான் இருக்கிறது. ஆனால் அதை லினக்ஸ் சர்வரில் ஓடும் எஸ்எஸ்எஸ்டி என்ற நிரல் தன் சொந்த சர்வீஸ் அக்கவுண்டால் (ஆளுக்கல்லாமல் நிரலுக்கென்று உள்ள கணக்கால்) தேடி எடுத்துக்கொள்கிறது. பயனரின் பெயரில் பைண்ட் நடப்பதே இல்லை. அதே எஸ்எஸ்எஸ்டி, அனுமதித்திருந்தால், இணைப்பில்லாத நேரத்தில் தன்னிடம் உள்ள பாஸ்வேர்டு நகலை வைத்தே ஆளை உள்ளே விடும். வைஃபை இன்னும் சுவாரசியமானது. பீப், எம்எஸ்சேப் என்ற லாகின் முறைகள் வழி வருபவரின் பாஸ்வேர்டு, வைஃபைக்காக ஆளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வருக்குத் தெரிவதே இல்லை. அதனால் அதை வைத்து பைண்ட் செய்யவும் வழியில்லை. டைரக்டரியிலிருந்து என்டி ஹேஷை (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு வைத்த மதிப்பை) வாசித்து ரேடியஸ் தானே சரிபார்க்கிறது. டைரக்டரியைப் பொறுத்தவரை அது ஒரு தேடல், அதுவும் ரேடியஸின் பெயரில். நாள் முழுக்க வைஃபையில் இருப்பவர் டைரக்டரிக்கு மூன்று மாதமாக வராதவர். ஒற்றை லாகின் வழியாகப் போகும் வலைச் செயலிகளும் இப்படித்தான். ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்து, அடுத்தடுத்து அதற்குப் பதில் காட்ட ரெஃப்ரெஷ் டோக்கன் வாங்கிக்கொண்ட கைபேசிச் செயலி, டோக்கனைப் புதுப்பித்துக்கொண்டே எத்தனை காலம் வேண்டுமானாலும் ஓடும்.

ஆகவே "கடைசி லாகின்" என்று தலைப்பிட்டிருந்த அட்டவணைப் பத்தியை "இந்த நான்கு சர்வர்கள் பார்த்த கடைசி பைண்ட்" என்று மாற்றச் சொன்னேன். நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. நீளமாக இருக்கிறதாம். பத்தி மாறியது, ஆனால் பேச்சில் இன்றும் பழைய பெயர்தான்.

இதே சமயத்தில் விண்டோஸ் பக்கத்திலிருந்து ஒரு முறையீடு வந்தது. ஒரே ஆளுக்கு லாஸ்ட்லாகான் இன்று என்கிறது, லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப் பத்து நாள் முன்பு என்கிறது, டைரக்டரி கெட்டுவிட்டதா? கெடவில்லை. லாஸ்ட்லாகான் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் (ஆக்டிவ் டைரக்டரியின் சர்வரிலும்) தனித்தனி, நகலாகாது. விண்டோஸ் சர்வர் 2003-இல் வந்த லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப் நகலாகும். ஆனால் நகலெடுப்புச் சுமையைக் குறைக்க வேண்டுமென்றே சோம்பலாக வைத்திருக்கிறார்கள். இயல்பு இடைவெளி 14 நாள், அதிலிருந்து 5 நாள் வரை தற்செயலாகக் கழிக்கப்படும். எனவே மதிப்பு 9 முதல் 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். 90 நாள் பட்டியலுக்கு இது தாராளமாகப் போதும். "நேற்று வந்தாரா" என்ற கேள்விக்கு உதவாது. இரண்டு பட்டியல்களை இணைப்பவர்களுக்கு ஒரு சொல்: ஆக்டிவ் டைரக்டரி 1601 ஜனவரி 1 முதல் 100 நானோ வினாடிக் கூறுகளாக எண்ணுகிறது. பத்து மில்லியனால் வகுத்து 11644473600-ஐக் கழித்தால்தான் 1970 முதல் வினாடிகளாக எண்ணும் யூனிக்ஸ் நேரம் கிடைக்கும். பூஜ்யம் என்று இருந்தால் நேரம் பதிவாகவில்லை என்று பொருள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தேதியாக மாற்றினால் ஆடிட் அறிக்கையில் 1601 என்று அச்சாகும். அச்சானது.

வராதவர் வந்துகொண்டிருந்தது

முடங்கியவர்கள் சத்தம் போட்டார்கள், அதனால் தெரிந்தது. எதிர்ப் பக்கத் தவறுக்குச் சத்தமே கிடையாது. ஒப்பந்தப் பட்டியலோடு டைரக்டரியை ஒப்பிட்டபோதுதான் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. ஒப்பந்தம் முடிந்து மாதங்கள் ஆகியும் ஆத்டைம்ஸ்டாம்ப் தினமும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. எந்தச் செயலற்ற பட்டியலிலும் அது ஒருபோதும் வந்திருக்காது.

ப்ரிசிஷன் ஒரு நாள் என்பதால் அட்ரிபியூட்டைப் பார்த்து மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. லாகுக்குத்தான் போக வேண்டும். ஓபன்எல்டாப்பில் லாக்லெவல் 256, அதாவது ஸ்டாட்ஸ், இருந்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கான் எண், அதற்குள் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு ஆப் எண் வரும். பைண்ட் வரியில் கணக்கின் முழுப் பெயரான டிஎன்னும் மெதட் 128-உம் இருக்கும். 128 என்றால் சாதாரண பாஸ்வேர்டு பைண்ட். அது வென்றதா தோற்றதா என்பது அந்த வரியில் இருக்காது. அதே கான், அதே ஆப் எண்ணோடு வரும் ரிசல்ட் வரியில் டேக் 97, எர் 0 என்றிருந்தால் வெற்றி. எர் 49 என்றால் தவறான பாஸ்வேர்டு. பைண்ட் வரிகளை மட்டும் கிரெப் கட்டளையால் தேடி எடுத்து "லாகின் எண்ணிக்கை" என்று கொடுப்பவர்கள் தோல்விகளையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். யார் எங்கிருந்து வந்தார் என்பது இன்னும் மேலே, அந்தக் கான் எண் முதலில் தோன்றும் அக்செப்ட் வரியில் இருக்கும்.

அந்தக் கணக்கின் வரிகளை இப்படி ஒட்டிப் பார்த்தபோது ஐபி முகவரி நம் மெயில் சர்வருடையது. இயல்புதான், டைரக்டரியின் வாசலில் நிற்பது மெயில் சர்வர், அதன் பின்னால் உள்ள கருவி டைரக்டரிக்குத் தெரியாது. ஆனால் இடைவெளி பேசியது. சில நிமிடத்துக்கு ஒன்று, இரவு பகல் பார்க்காமல், ஞாயிறு விடாமல், ஒரே தாளத்தில். மனிதர்கள் அப்படி லாகின் ஆவதில்லை. மெயில் சர்வரின் லாகைச் சேர்த்துப் பார்த்ததும் உறுதியானது: பாஸ்வேர்டு சேமிக்கப்பட்ட ஒரு கைபேசி. அந்த ஆள் வேண்டுமென்று செய்தாரா என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. கைபேசி தன் போக்கில் நிறுவனத்தின் மெயிலை இறக்கிக்கொண்டிருந்தது.

இதன் பிறகு பட்டியலின் தலையெழுத்தையே மாற்றினோம். கணக்கு உயிரோடு இருக்கலாமா என்பதை முடிவு செய்வது பணியாளர் பதிவும் ஒப்பந்தத் தேதியும். ஒப்பந்தக்காரர்களின் கணக்குக்கு முடிவுத் தேதி போடாமல் இனி உருவாக்கவே முடியாது. பைண்ட் நேரம் இரண்டாம் சாட்சி. ஒப்பந்தம் முடிந்தும் பைண்ட் ஓடும் கணக்குதான் அறிக்கையின் முதல் பக்கம். பைண்ட் இல்லாத, ஆனால் பணியில் உள்ள கணக்குகள் இரண்டாம் பக்கம். அவற்றுக்கு ரேடியஸ், எஸ்எஸ்ஹெச், ஒற்றை லாகின் லாகுகளையும் பார்த்த பிறகே மேலாளருக்குக் கடிதம் போகும். பதில் வராவிட்டால் முடக்கம். நீக்கம் அதற்கும் வெகு பின்னால். லினக்ஸில் கோப்பின் உரிமையாளரைக் குறிப்பது யுஐடி எண்; நீக்கிய கணக்கின் எண் இன்னொருவருக்குப் போனால், பழையவரின் கோப்புகள் புதியவருக்குச் சொந்தமாகிவிடும் என்பதால் அந்த எண்களை மறுபடி வழங்குவதில்லை.

சர்வீஸ் அக்கவுண்டுகள் தனிப் பட்டியல். வருடக் கடைசியில் மட்டும் ஓடும் கணக்கு முடிப்பு ஸ்கிரிப்ட் போன்றவற்றுக்கு 90 நாள் விதியே பொருந்தாது. அவற்றுக்கு நேரத்தைவிட உரிமையாளர் பெயர்தான் முக்கியம். பெயர் இல்லாத சர்வீஸ் அக்கவுண்டுகள் இருந்தன. சிலவற்றுக்கு இன்னும் உரிமையாளர் கிடைக்கவில்லை.

ஆத்டைம்ஸ்டாம்பை யார் வாசிக்கலாம் என்ற கேள்வி கடைசியில்தான் எழுந்தது. அதுவரை எங்களிடம் இருந்த அணுகல் விதியில், லாகின் ஆன எவரும் மற்ற எவருடைய நேரத்தையும் பார்க்க முடிந்தது; யார் எந்த நாள் வந்தார், வரவில்லை என்று சக ஊழியரே கணக்கெடுக்கலாம். இப்போது அந்த அட்ரிபியூட்டை வாசிக்கும் அனுமதி இரவு ஸ்கிரிப்டின் கணக்குக்கும் நிர்வாகிகளுக்கும் மட்டும். 2.5-க்கு மாறும்போது அட்ரிபியூட்டின் பெயரும் பிடபிள்யூடிலாஸ்ட்சக்ஸஸ் என்று மாறும். அணுகல் விதியில் பழைய பெயர் மட்டும் இருந்தால் புதியது எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். அதனால் மாறும் அன்றே விதியிலும் புதிய பெயரைச் சேர்க்க வேண்டும் என்று இப்போதே குறித்து வைத்திருக்கிறோம்.